பர்மா போன வயிறு

என்னை ஈப்போவுக்கு அனுப்பியது ஒரு புழு. தையல் நூலைவிட மெல்லியது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் பாதம் வழியாக ஏறிக் குடலில் குடியேறும். மற்றப் புழுக்கள் போல வந்தோம், இருந்தோம், செத்தோம் என்று இருக்காது. உள்ளுக்குள்ளேயே குட்டி போட்டு, முப்பது நாற்பது வருடம் வாடகை தராமல் தங்கிவிடும்.

நான் மதுரையில் மருத்துவ மாணவர்களுக்குப் பொதுச் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பவள். எண்பதுகளின் தொடக்கத்தில் குளிர்தேசத்துப் பேராசிரியர் ஒருவரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அவர் நாட்டுச் சிப்பாய்கள் சிலர் யுத்த காலத்தில் பர்மாக் காட்டில் கிடந்தவர்கள். ஊர் திரும்பி, கல்யாணம் முடித்து, பேரன் பேத்தியும் எடுத்த பிறகு, இழுப்புக்கோ மூட்டுவலிக்கோ டாக்டர்கள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அந்த மாத்திரை உடம்பின் காவலைத் தளர்த்திவிடும். அதுவரை சும்மா கிடந்த புழு ஆயிரமாய்ப் பெருகி நுரையீரல் வரை பரவ, சில வாரத்தில் ஆள் போய்விடுகிறார். நாற்பது வருடத்துக்கு முந்திய காட்டையும் இன்றைய சாவையும் யார் முடிச்சுப் போடுவார்கள்?

அதே காட்டில், அதே காலத்தில், இந்திய விடுதலைக்கென்று ஜப்பான்காரன் பக்கம் நின்று போரிட்ட படையில் மலாயாத் தோட்டத் தமிழர்களும் இருந்தார்கள். மிஞ்சியவர்களில் யார் வயிற்றிலெல்லாம் புழு இருக்கிறதென்று, ஏதாவது ஒரு டாக்டர் அந்த மாத்திரையை நீட்டுவதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டும். தமிழும் புழுவும் தெரிந்த ஆள் தேவை என்று எழுதியிருந்தார். "மலம் வாங்க மலேசியா வரைக்கும் போகணுமா? இங்கே இல்லாததா?" என்றார் என் கணவர். நான் பருப்புப் பொடி இடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஈப்போவில் இறங்கியதும் முதலில் திகைக்க வைத்தவை மலைகள். நம் ஊரில் மலை என்றால் ஊருக்கு வெளியே மரியாதையாக ஒதுங்கி நிற்கும். இங்கே வெள்ளைச் சுண்ணாம்பு மலைகள் கடைத்தெருவுக்குப் பின்னாலும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலும் கேட்பாரில்லாமல் நிற்கின்றன. ஒரு மலையின் வயிற்றைக் குடைந்து சீனக் கோயில் கட்டியிருந்தார்கள். மறுநாள் காலை சீனர் கடையில் கோப்பி கேட்டேன். கடைக்காரர் சுத்தமான தமிழில் "சூடா, ஐஸா?" என்றார். சூடு என்றேன். கோப்பியில் வெண்ணெய் வாசனை. கொட்டையை அதில்தான் வறுப்பார்களாம். எங்கள் மாமியார் கேட்டால் மயங்கி விழுவார். எனக்குப் பிடித்திருந்தது.

அங்கேதான் சூசை வந்து சேர்ந்தார். எனக்குத் துணையாகப் பேராசிரியர் ஏற்பாடு செய்திருந்தவர். அறுபது வயது, பளிச்சென்ற வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஜெபமாலை. "முப்பது வருசம் தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரெசரா இருந்தவன் நான். ஊசி, பேதி மருந்து, பிரசவம், பாம்புக்கடி எல்லாம் பாத்தாச்சு. டாக்டர்ங்கிற பேரு மட்டுந்தான் இல்ல" என்றார். சொன்னது மிகையில்லை என்று இரண்டே நாளில் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் அவருடைய பழைய மோரிஸ் காரில் கோப்பெங்குக்கு அப்பால் இருந்த தோட்டத்துக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் ஈயம் தோண்டிக் கைவிட்ட குளங்கள், பச்சைத் தண்ணீரோடு. பாதி தூரத்தில் கார் மூடியிலிருந்து ஆவி பறந்தது. சூசை பதறவில்லை. இறங்கிப் பக்கத்து மலாய்க்கார வீட்டில் போய் ஏதோ சொன்னார். அந்த வீட்டு அம்மாள் ஒரு வாளித் தண்ணீரோடு ஒரு தட்டு மரவள்ளிக்கிழங்குப் பொரியலும் கொண்டுவந்தாள். நான் முக்கால் தட்டைக் காலி செய்தேன். சூசை ஒரு துண்டும் தொடவில்லை. "ஜப்பான்காரன் காலத்துல மூணு வருசம் இதத்தான் தின்னோம் டாக்டர். கர்த்தர் இறங்கி வந்து ஊட்டினாலும் வேணாம்லா" என்றார்.

தோட்டம் என்று போர்டு இருந்தது. ரப்பர் மரங்களில் பாதியை வெட்டிச் சாய்த்துவிட்டுச் எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருந்தார்கள். லயம் மட்டும் பழையபடி. ஒரே நீளக் கூரை, நடுவே பலகைத் தடுப்புகள், தடுப்புக்கு ஒரு குடும்பம்.

என் குழப்பம் அன்று காலை பத்து மணிக்குத் தொடங்கியது. படைக்குப் போனவர்களின் பட்டியல் ஒன்றை ஈப்போவில் பழைய சிப்பாய்களின் சங்கத்தார் கொடுத்திருந்தார்கள். போனவர் ஒவ்வொருவருக்கும், அதே தோட்டத்தில் அதே வயதில் போகாத ஒருவரை ஜோடி சேர்க்க வேண்டும். இருவரிடமும் கேள்வி கேட்டு ஆளுக்கொரு அட்டையில் பதிந்து, மலத்துக்கு ஆளுக்கொரு புட்டி கொடுத்து, மறுநாள் வாங்கி, ஈப்போவில் டாக்டர் லியோங்கின் பரிசோதனைக்கூடத்தில் சேர்ப்பிக்க வேண்டும். காகிதத்தில் எல்லாம் அழகாக இருந்தது.

"படைக்குப் போனீங்களா?" என்றால், "போனேனே" என்றார் ஒருவர். எங்கே என்று கேட்டால் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர். கூலியாகப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். துப்பாக்கியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் காடு அதே காடு, சேறு அதே சேறு. இன்னொருவர் படையில் சேர்ந்தது நிஜம். ஆனால் ஈப்போத் திடலில் ஆறு மாதம் மரத்துப்பாக்கியோடு கவாத்துப் பழகியதோடு சரி, பர்மாவின் திசைகூட அறியாதவர். இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது?

கேள்வித்தாளைக் குளிர்தேசத்திலேயே யாரோ தமிழாக்கி அச்சடித்திருந்தார்கள். "தங்கள் சருமத்தில் நகர்வுத் தன்மையுடைய தடிப்பு தோன்றியதுண்டா?" என்று நான் வாசிக்க, எதிரே இருந்தவர் பயபக்தியோடு கைகூப்பினார். சூசை குறுக்கிட்டு, "அண்ணே, இடுப்புலயும் பின்னாலயும் கயிறு கணக்கா செவந்து ஓடுதா? ஓடி ஓடி அரிக்கிதா?" என்றார். உடனே எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் புரிந்து என்ன? அறுபது வயது ஆண்பிள்ளை, பின்பக்கத்து அரிப்பைப் பற்றி ஒரு பொம்பளை டாக்டரிடம் சொல்வாரா? எல்லாரும் முழங்கையைக் காட்டினார்கள். "வேறு என்ன நோவு?" என்றேன் ஒருவரிடம். "முட்டி வலி, வாயு, மூத்த மருமக" என்றார்.

எனக்கே உறைத்தது, மறுநாள் புட்டிகளை வாங்கும்போது. இங்கே எல்லாருமே பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு ரப்பர்க் காட்டில் நடந்தவர்கள். பர்மா போகாதவருக்கும் புழு இருக்க எல்லா நியாயமும் உண்டு. போனவர்களில் பாதிப்பேர் இறந்தும் போயிருந்தார்கள். நோயில்லாதவர்கள்தான் மிஞ்சியிருக்கிறார்களோ என்னவோ. இதைச் சொல்லிப் புலம்பினேன். "செத்தவன் எங்க டாக்டர் ஃபாரம் நிரப்பப் போறான்?" என்றார் சூசை. வருடக்கணக்கில் நான் நடத்திய பாடம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. புட்டிகளில் ஒன்று கழுவித் துடைத்து காலியாக வந்தது. நல்ல புட்டி, வீணாக்குவானேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

இத்தனைக்கும் நடுவே எனக்குக் கிடைத்த ஒரே முத்து கன்னியப்பன். பட்டியலில் பெயர் உள்ளவர். ஓங்குதாங்கான உடம்பு, நரைத்த மீசை. வருடந்தோறும் சங்கத்து விழாவில் போட்ட மாலையோடு எடுத்த படங்கள் வீட்டுச் சுவரில் வரிசையாகத் தொங்கின. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், தனி ஆள். பர்மா யுத்தத்தைக் கேட்டால் நேற்று நடந்ததுபோலச் சொன்னார். ஜோடிக்கு ஆள் கேட்டபோது, பலகைத் தடுப்புக்கு அடுத்த பக்கம் குடியிருந்த தன் கூட்டாளி சின்னையாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இவன் போகாதவன். தோட்டத்தத் தாண்டல."

சின்னையாவுக்குக் கையும் காலும் குச்சி, முகம் மட்டும் உருண்டை. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. ஆனால் கன்னியப்பன் சொல்லும் கதைக்கு அவர்தான் சாட்சி.

"ஆத்தக் கடந்தோம் டாக்டர்மா. தண்ணி..." என்று கன்னியப்பன் நிறுத்துவார்.

"நெஞ்சு மட்டும்" என்பார் சின்னையா.

"நெஞ்சு மட்டும் தண்ணி. துப்பாக்கியத் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு... அப்ப மழையா சின்னையா?"

"மூணு நாள் மழை."

கூட்டாளியின் கதையை ஆயிரம் தடவை கேட்டு மனப்பாடம் பண்ணியவர் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அரிப்பைப் பற்றியும் கன்னியப்பன் ஒருவர்தான் ஒளிக்காமல் சொன்னார். எப்படி ஓடும், எந்த மாதத்தில் கூடும், எத்தனை நாள் இருக்கும் என்று. இப்போது இருக்கிறதா என்றதற்கு, "இன்னைக்கி இல்ல" என்றார்.

கிளம்பும்போது சின்னையா என்னவோ மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். என்ன மாத்திரை என்று கேட்டேன். பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். டவுன் கிளினிக்கில் இழுப்புக்குக் கொடுத்ததாம். ஒரு மாதமாகச் சாப்பிடுகிறார். சின்ன வெள்ளை மாத்திரை. பேராசிரியர் கடிதத்தில் சொன்ன அதே மாத்திரை. முகம் ஏன் உருண்டையாக இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

"வர்ற வியாழக்கிழம வரச் சொல்லியிருக்காங்க. இன்னும் ரெண்டு மடங்கா குடுப்பாங்களாம். அப்பறம் இழுப்பே வராதாம்" என்றார் சின்னையா சந்தோஷமாக.

உறையில் எழுதியிருந்த பெயரை மறுபடி படித்தேன். பிறகு, இவர்தான் பர்மா போகாதவர் ஆயிற்றே என்று தேற்றிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. டாக்டர் லியோங் என்னைவிட இளையவர், பேச்சில் சிக்கனமானவர். கன்னியப்பன் பெயரிட்ட புட்டியில் புழு கொள்ளை கொள்ளையாக இருக்கிறது என்றார். சின்னையாவின் புட்டி சுத்தம். நான் வாய்விட்டு "அப்பாடா" என்றேன். புழு உள்ளவர் மாத்திரை சாப்பிடவில்லை, மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் புழு இல்லை. கடவுள் கணக்கு இவ்வளவு சரியாக அமைந்து நான் பார்த்ததில்லை. அன்று மாலை சூசையை இழுத்துக்கொண்டு போய், ஈப்போவின் பேர்போன குட்டைத் தடித்த முளைப்பயற்றோடு கோய்தியாவ் என்ற அரிசி நூடுல்ஸ் இரண்டு தட்டு சாப்பிட்டேன். பயறு முளைக்கிற தண்ணீரில்தான் ருசியாம், அந்தத் தண்ணீர் வருவது இந்த மலைகளிலிருந்துதானாம். மலைகள் ஊருக்குள் வந்து நிற்பதை அன்றோடு மன்னித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சூசை வந்ததும், கன்னியப்பனுக்கு மருந்து கொண்டுபோனோம். மூன்று நாள் சாப்பிட வேண்டியது. இங்கே கடைகளில் கிடைக்காது. ஆய்வோடு எண்ணி வந்தது, அட்டையில் புழு உண்டு என்று பதிந்தவருக்கு மட்டும். கன்னியப்பன் மருந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "சாப்ட்டுட்டு முழுங்கறேன்" என்றார். என் முன்னாலேயே முழுங்குங்கள் என்றேன். சோறு ஆகவில்லை என்றார். ரொட்டி வாங்கி வரச் சொல்லட்டுமா என்றேன். பல் வலி என்றார். படையில் இருந்த மனிதர் மாத்திரைக்கு இப்படிப் பயப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அதற்குள் சின்னையா எங்களுக்குத் தேத்தண்ணி கலக்க எழுந்தார். மேல்பலகையிலிருந்து குவளைகளை எடுக்கக் கையைத் தூக்கியபோது சட்டை ஏறியது. கைலிக்கு மேலே, முதுகின் இடப்பக்கம், சிவப்பாக ஒரு கோடு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். தேத்தண்ணி குடித்தோம். செம்பனை விலையைப் பற்றி சூசை பேசினார். முக்கால் மணி நேரம் கழித்து, குவளைகளைக் கழுவ சின்னையா குழாயடியில் குனிந்தார். அதே கோடு இரண்டு விரல்கடை வலப்பக்கம் நகர்ந்திருந்தது. புத்தகத்தில் மட்டும் நான் படம் பார்த்திருந்த விஷயம், என் எதிரே ஒரு மனிதர் முதுகில் ஓடிக்கொண்டிருந்தது.

புட்டி சுத்தம் என்கிறது. முதுகு இல்லை என்கிறது. ஒரு தடவைச் சோதனையில் தப்பியிருக்கலாம். அல்லது போகாதவருக்கும் புழு இருக்கலாம். அல்லது நான் இந்த ஒரு வாரமாக எதையுமே சரியாகச் செய்யவில்லையோ என்னவோ. மருந்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலை இருவரும் புதுப் புட்டியில் தர வேண்டும், நானே வந்து வாங்குவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். காரில் சூசை மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டபடி ஓட்டினார். பிறகு, "கன்னியப்பனுக்குப் பல் வலியா? அவருக்குப் பல்லே கட்டுன பல்லுலா. நாந்தான் ஆள் சொல்லிக் கட்டவெச்சேன்" என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் போய்விட்டோம். நான் லயத்து முன்புறம் காத்திருக்க, சூசை மட்டும் கக்கூஸ் வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். முப்பது வருடம் டிரெசராக இருந்தவருக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாதா? கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது. "அண்ணே! ரெண்டு பேரும் அப்படியே நில்லுங்க!" ஓடிப்போய்ப் பார்த்தேன். அறுபது தாண்டிய இரண்டு பேரும் ஆளுக்கொரு புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சைத் தாளை மாற்றும்போது அகப்பட்ட பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் மதுரைத் தமிழ் முழுவதும் வெளியே வந்துவிட்டது. "என்னை என்ன கிறுக்கச்சின்னு நினைச்சீங்களா? கடல் தாண்டி வந்தது உங்ககிட்ட ஏமாறவா?"

"ஏமாத்தல டாக்டர்மா" என்றார் கன்னியப்பன். "பர்மாவுக்குப் போனவன் வயித்துல என்னா இருக்குன்னுதானே பாக்க வந்தீங்க? போன வயித்துலேருந்துதான் குடுத்தோம். அதுல பொய் இல்ல."

"போனது நீங்கதானே?"

"போனது எம்பேரு."

புட்டிகளைக் கீழே வைத்துவிட்டுக் குழாயடித் திட்டில் உட்கார்ந்தோம். கன்னியப்பன்தான் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் ஈப்போத் திடலில் நடந்த கூட்டத்துக்குப் போனவர், பேச்சைக் கேட்ட சூட்டில் பெயர் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் மனைவிக்கு நிறைமாதம். அழுது புரண்டிருக்கிறார். சின்னையாவுக்கு அப்பா அம்மா யாரும் இல்லை. நீ இரு, நான் போகிறேன், உன் பெயரையே சொல்லிக்கொள்கிறேன் என்றாராம்.

"பெரட்டுல ஒருத்தன் பேருக்கு இன்னொருத்தன் நிக்கிறது தோட்டத்துல புதுசா டாக்டர்மா? காய்ச்சக்காரன் பேருக்கு அண்ணன் நிப்பான், தம்பி நிப்பான். கிராணிக்குத் தல கணக்கு சரியா இருந்தாப் போதும். அது கணக்காத்தான் இதுவும்னு நெனச்சோம்."

பெரட்டு என்றால் விடியற்காலையில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், ஆள் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது. ஆமாம் என்று சூசை தலையாட்டினார். தானே எத்தனையோ பேருக்கு ஆள் மாற்றி ஊசி போட்டிருப்பதாக அப்போதுதான் ஒப்புக்கொண்டார்.

"அப்புறம் ஏன் மாலையை நீங்க வாங்கிக்கிட்டீங்க?" என்றேன். இன்னும் கோபம் தணியவில்லை.

இதற்குச் சின்னையா பதில் சொன்னார், மூச்சு வாங்க வாங்க. "யுத்தம் முடிஞ்சி வெள்ளைக்காரன் வந்தான். பட்டியல்ல இருந்தது இவன் பேரு. புடிச்சிட்டுப் போயிட்டாங்க. நான் அப்ப வரல, காட்டுவழியா நடந்துட்டிருக்கேன். ரெண்டு மாசம் இவன உள்ள வெச்சு, எந்த ரெஜிமெண்டு, எங்க சண்டை போட்டன்னு அடி. போகாத ஊருக்கு இவன் என்னா வழி சொல்லுவான்? நான் இல்ல, சின்னையான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க. சொல்லல. அந்த அடியில எடது காது போச்சி. மாலை போட வந்தப்ப, நான் இல்லன்னு சொல்லத்தான் போனான். நாந்தான் வேணாம்னேன். அடி வாங்குனது அவன், மாலையும் அவனே போட்டுக்கட்டும்."

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். "படையில் பணியாற்றினாரா? ஆம், இல்லை." "போரினால் உடற்பாதிப்பு உண்டா? ஆம், இல்லை." காட்டில் நடந்தவர் ஒருவர், காட்டுக்காக அடிபட்டவர் ஒருவர். யார் போனவர், யார் போகாதவர் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

ஆனால் ஒன்று தெரிந்தது. புழு இருக்கிற வயிற்றில்தான் அந்த மாத்திரையும் போய்க்கொண்டிருக்கிறது. வியாழக்கிழமை அது இரட்டிப்பாகும். இருவருக்கும் விளக்கிச் சொன்னேன். சின்னையா பிஸ்கட் டின்னை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இது வந்தப்பறந்தான் படுத்துத் தூங்குறேன். இது இல்லன்னா மூச்சு நின்னுரும் டாக்டர்மா." கன்னியப்பன் கூட்டாளியின் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈப்போ தபால் நிலையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்து பேராசிரியருக்கு டிரங்கால் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். இரைச்சலுக்கு நடுவே காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, அடையாளம் மாறிய அட்டைகள் ஆய்வுக்கு ஆகாது, இரண்டையும் நீக்கிவிடுங்கள் என்றார்.

"மருந்து?"

"புது அட்டை போட்டு, மூன்று தடவை சோதித்து, குழுவுக்கு எழுதுங்கள். ஆறு வாரத்தில் அனுமதி வரும்."

அவர் கெட்டவர் இல்லை. அவரிடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பொய்யை அப்படியே விட்டால் மருந்து உண்டு. உண்மையை எழுதினால் மருந்து இல்லை. தபால் நிலையத்து வாசலில் நின்று இதைச் சூசையிடம் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கைக்குட்டையை நீட்டினார். "டாக்டர், நீக்குறது எப்ப நீக்கணும்னு தேதி சொன்னாரா?" என்றார்.

சொல்லவில்லை.

அன்றே திரும்பிப் போனோம். கன்னியப்பன் அட்டையில் "மருந்து கொடுக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மருந்தைச் சின்னையா கையில் கொடுத்தேன். பதினெட்டு வருட உத்தியோகத்தில் நான் தெரிந்தே எழுதிய முதல் பொய். சின்னையா வாங்கவில்லை. "எம்பேருக்குப் புழு இல்லன்னு வந்திருக்குல்ல, அது அப்படியே இருக்கட்டும்" என்றார். அப்போதுதான் கன்னியப்பன் எழுந்தார். "எம்பேருல நீ பர்மாவுக்கே போன. இத முழுங்க மாட்டியா?" என்று கத்தினார். லயமே திரும்பிப் பார்த்தது. சின்னையா முழுங்கினார்.

மூன்று நாளும் அவருக்குத் தலைசுற்றலும் வாந்தியும். சூசை லயத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். "இதுக்கு பர்மாவே தேவல" என்று சின்னையா முனகினாராம். நான் டவுன் கிளினிக்குக்குப் போய் அங்கிருந்த டாக்டரைப் பார்த்தேன். சின்னப் பையன்தான், ஆனால் பொறுமையாகக் கேட்டார். டாக்டர் லியோங்குக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு, மாத்திரையைக் கூட்டுவதில்லை, படிப்படியாகக் குறைத்து இழுப்புக்கு வேறு மருந்து தருகிறேன் என்றார். இந்தப் புழு, இந்த மாத்திரை, இந்த வயது ஆட்கள் என்று ஒரு தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். என் பயணத்தில் உருப்படியாக நடந்த காரியம் அது என்று இப்போதும் நினைக்கிறேன்.

இன்னும் சில தோட்டங்களுக்குப் போனேன். சித்தியவான் பக்கம் ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து, போன இடத்தில் கோயில் திருவிழா என்று ஒருவரும் புட்டி வாங்காமல், வயிறு முட்டக் கூழ் குடித்துவிட்டுத் திரும்பினேன். ஊருக்கு வந்ததும் பேராசிரியர் சொன்னபடி இரண்டு அட்டைகளையும் நீக்கிவிட்டேன். போனவருக்கும் போகாதவருக்கும் திட்டமான வித்தியாசம் தெரியவில்லை என்று அறிக்கை முடிந்தது. அதைப் படித்துப் பார்த்தபோது, நான் போயிருந்த ஊரைப் பற்றித்தானா எழுதியிருக்கிறது என்று சந்தேகம் வந்தது.

ஈப்போவை விட்டுக் கிளம்பிய காலையில் பஸ் நிலையத்துக்குக் கன்னியப்பன் வந்திருந்தார். கையில் தம்பூன் ஊர்ப் பம்ளிமாஸ் பழம் இரண்டு. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் பழங்களைக்கூட வாங்காமல் கேட்டேன்.

"சின்னையா எப்படி இருக்கார்?"

"தூங்குறான் டாக்டர்மா. நான் கெளம்பறப்பவும் தூங்கிட்டிருந்தான். அரிப்பு நின்னுபோச்சி."

"உங்க கண் ஏன் இப்படி இருக்கு?"

"எனக்குத்தான் மூணு நாளாத் தூக்கம் இல்ல." வெட்கப்பட்டுச் சிரித்தார். "நடுவுல ஒரு பலகதானே. அவன் பர்மாவுலேருந்து வந்த நாளா, ராவுல சொறியிற சத்தம் கேட்டுக்கிட்டே படுத்தவன். இப்ப அது இல்லாம என்னாவோ மாதிரி இருக்கு."

பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. ஏதாவது கேலியாகச் சொல்லி அவரை அனுப்பிவைக்கலாம் என்று நினைத்தேன். "இத்தனை வருஷம் ஏன் கஷ்டப்பட்டீங்க? நல்ல காதைத் தலையணையில அழுத்திக்கிட்டுப் படுத்திருந்தா ஒரு சத்தமும் கேட்டிருக்காதே" என்றேன்.

"தெரியும் டாக்டர்மா" என்றார். பழங்களை என் கையில் கொடுத்தார். "ஒரு ராத்திரிகூட அப்படிப் படுக்கல."